புயல் நாளில் மொபைல் சார்ஜ்: சோலார் எவ்வளவு கைகொடுக்கும்?

கேள்வி இது. குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. வீட்டில் இரண்டு ஸ்மார்ட்ஃபோன், ஒரு ரேடியோ, ராத்திரிக்கு ஒரு விளக்கு. மழைக்காலத்தில் கரண்டு போனால் சில சமயம் மூன்று நாள் வருவதில்லை. முதுகில் சோலார் தகடு ஒட்டிய 20000 எம்ஏஎச் பவர்பேங்க் ஒன்று வாங்கினால் போதுமா, அல்லது மடக்கும் பேனல் தனியாக வாங்க வேண்டுமா?

சோலார் ஒட்டிய பவர்பேங்க் வேண்டாம். மடக்கும் பேனலும் முதல் செலவாக இருக்க வேண்டாம். முதலில் சாதாரண 20000 எம்ஏஎச் பவர்பேங்க் நல்லதாக இரண்டு வாங்குங்கள். கையில் மிச்சம் இருந்தால் பிறகு பேனல்.

காரணம் நம் மாவட்டத்தின் மழைதான். இங்கே கரண்டு நீண்ட நேரம் போவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் வைகாசி, ஆனியிலும். இரண்டு காலத்திலும் வானம் மூடிக் கிடக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோதும், 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோதும், சார்ஜ் மிக அவசரமாகத் தேவைப்பட்ட நாட்கள் மழை நாட்களே. அந்த நாளில் 20 வாட் பேனலைத் திறந்து வைத்தாலும் 2 வாட் வந்தால் அதிகம். முதல் இரண்டு மூன்று நாளை ஏற்கெனவே ஏற்றி வைத்த சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும். பேனலின் வேலை அதற்குப் பிறகு வருகிறது. புயல் கடந்தால் வெயில் சில நாளில் திரும்பிவிடும்; விழுந்த மரத்தை அறுத்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து முடிக்க அதைவிட அதிக நாள் பிடிக்கும். ஒக்கிக்குப் பின் உட்கிராமங்கள் பலவற்றில் நடந்தது அதுதான். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மட்டும் கதை கொஞ்சம் வேறு: அங்கே ஆடிக் காற்றில் நல்ல வெயிலிலேயே கம்பி அறும். அவர்களுக்குப் பேனல் முதல் நாளே பயன்படும்.

கணக்கு

எம்ஏஎச்சை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம், வாட்-மணியில் (ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மின்சாரம்) போடுங்கள். மொபைல் பேட்டரி 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் 5 × 3.85, ஏறக்குறைய 19 வாட்-மணி. பவர்பேங்கின் 20000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது சுமார் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். வெளியே வருவது 62 அளவில் இருக்கும். மொபைல் அதை உள்ளே வாங்கும்போது இன்னொரு பத்துப் பதினைந்து சதவீதம் கழியும். 20000ஐ 5000ஆல் வகுத்து நான்கு தடவை ஏற்றலாம் என்று கடைக்காரர் சொல்வது, கையில் மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பவர்பேங்கில் கோளாறு என்று நினைக்க வேண்டாம், எல்லாவற்றிலும் இப்படித்தான்.

உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் தேவையைப் பாருங்கள். இரண்டு மொபைலுக்கும் ஆளுக்கு 60 சதவீதம் ஏற்ற 23 வாட்-மணி, இழப்பையும் சேர்த்தால் 27. ஒன்றரை வாட் யுஎஸ்பி எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 7.5. ரேடியோவுக்கு 2 கூட ஆகாது. மொத்தம் 37 என்று வையுங்கள். மூன்று நாளைக்கு 111. இரண்டு பவர்பேங்கிலிருந்தும் வெளியே வருவது 124. சூரியன் முகமே காட்டாவிட்டாலும் மூன்று நாள் ஓடிவிடும்.

இந்தக் கணக்கைக் கெடுக்க இரண்டு பேர் உண்டு. வைஃபை ரூட்டர் 8 வாட் எடுக்கிறது என்றால் மூன்று மணி நேரத்தில் 24 வாட்-மணி போய்விடும். ஃபைபர் கேபிள் பெரும்பாலும் அதே மின்கம்பத்தில்தான் தொங்குகிறது. கம்பம் சாய்ந்தால் ரூட்டருக்கு உயிர் கொடுத்துப் பயனில்லை. அடுத்தது சார்ஜ் ஃபேன்: 8 வாட் வீதம் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 64. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ இருந்தால் அது தவிர்க்க முடியாத செலவு, அதற்கென்று மூன்றாவது சேமிப்பு வேண்டும். மற்றவர்கள் விசிறிமட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

சோலார் ஒட்டிய பவர்பேங்க் ஏன் வேண்டாம் என்பதற்கும் இதே கணக்குதான் பதில். உள்ளங்கை அளவுத் தகடு உச்சிவெயிலில் தருவது 1 முதல் 1.5 வாட். நல்ல வெயில் நாளில் முழு வெயில் ஐந்து மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 5 முதல் 7 வாட்-மணிதான். 74 வாட்-மணி நிரம்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் லித்தியம் செல் தினமும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தை ஏற்றக்கூடாது; மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) வெயிலில் கிடக்கும் கறுப்புப் பெட்டி 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். தகடு வெயிலில் இருக்க வேண்டும், செல் நிழலில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்ததுதான் பிழை. நான்கு இதழாக விரியும் வகை கொஞ்சம் தேவலை, ஆனாலும் சூட்டுத் தொல்லை அதே.

பவர்பேங்க் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பெட்டியில் செல் கொள்ளளவுக்குப் பக்கத்தில், 5 வோல்ட்டில் உண்மையில் கிடைக்கும் கொள்ளளவும் அச்சிட்டிருக்க வேண்டும். 20000 என்றால் அது 11500 முதல் 13000 வரை இருக்கும். அதை அச்சிடாதவரிடம் வாங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிறகு எடை: உண்மையான 20000 எம்ஏஎச் பவர்பேங்க் 350 முதல் 450 கிராம் இருக்கும். 50000 என்று எழுதி 250 கிராம் எடையில் வரும் சாமானைத் தராசில் வைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரே பெரிய பவர்பேங்கைவிட இரண்டு நடுத்தரமானவை நல்லது. ஒன்று வெயிலில் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றது வீட்டில் வேலை செய்யும், ஒன்று கெட்டாலும் இருட்டில் உட்கார வேண்டியிராது.

பேனல்

மேலே சொன்ன 37 வாட்-மணியைத் திரும்ப நிரப்ப, இழப்புகளோடு பேனலிலிருந்து 50 வாட்-மணி வர வேண்டும். 20 வாட் என்று எழுதிய மடக்கும் பேனல் நேரில் 13 வாட் தந்தால் நல்ல பேனல். நான்கு மணி நேர நல்ல வெயிலில் 52. ஆக 20 முதல் 28 வாட் பேனல் ஒன்று உங்கள் வீட்டுக்குச் சரி. 10 வாட் என்றால் ஒரு மொபைலுக்கு மட்டும் போதும்.

வாட்டைவிட அதிகம் கவனிக்க வேண்டியது அதன் யுஎஸ்பி வாய். 5 வோல்ட் 2 ஆம்ப் வாய் ஒன்று 10 வாட்டுக்கு மேல் விடாது, பின்னால் எத்தனை வாட் பேனல் இருந்தாலும் சரி. 28 வாட் பேனலில் இரண்டு வாய் இருந்தால் இரண்டு பவர்பேங்கையும் ஒரே நேரத்தில் மாட்டுங்கள். அப்போதுதான் கொடுத்த காசுக்கு வெயில் கிடைக்கும். டைப்-சி வழியாக 9 வோல்ட் வேகச் சார்ஜ் என்று பெருமையாக எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். மேகம் மறைத்ததும் அந்த 9 வோல்ட்டைத் தாங்க முடியாமல் பேனல் விழும், எத்தனை வோல்ட் என்று பேனலும் பவர்பேங்கும் மறுபடி பேசி முடிவெடுக்கும், மறுபடி விழும். அரைகுறை வெயிலில் பழைய யுஎஸ்பி-ஏ வாயே நிலையாக ஏற்றும்.

மொபைலை நேரடியாகப் பேனலில் மாட்ட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். மேகம் வந்தால் மின்னோட்டம் குறைகிறது. மொபைல் அதைப் பார்த்து, சார்ஜர் சக்தியற்றது என்று முடிவுகட்டித் தன் இழுப்பைக் குறைத்துக்கொள்கிறது. மேகம் விலகியதும் பல மொபைல்கள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டும்வரை 0.3 ஆம்பிலேயே தூங்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் 15 சதவீதம் ஏறியிருக்கும். பவர்பேங்குகளிலும் சில இந்தத் தவறைச் செய்யும், ஆனால் குறைவு. வெளியில் வைத்த முதல் நாளே சோதித்துவிடலாம்: ஏறிக்கொண்டிருக்கும்போது பேனலை ஒரு துண்டால் மூடி ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். முன்பு இருந்த ஆம்ப் திரும்பி வருகிறதா என்று சின்ன யுஎஸ்பி மீட்டரில் பாருங்கள். அந்த மீட்டர் இல்லாமல் சோலார் சார்ஜ் செய்வது இருட்டில் ஊசி தேடும் வேலை. வோல்ட், ஆம்ப், இதுவரை போன வாட்-மணி மூன்றையும் அது காட்டும்; ஒன்று வாங்கி வையுங்கள்.

நிழல்

நம் ஊரில் பேனல் தோற்பது வெயில் இல்லாமல் அல்ல, தென்னை ஓலையால். பேனலில் செல்கள் தொடராகக் கோத்திருக்கின்றன. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் முழுத் தொடரின் மின்னோட்டமும் அந்த ஒன்றின் அளவுக்கு இறங்கும். ஓர் ஓலைக்கீற்றின் நிழல், துணி காயும் கொடி, ஜன்னல் கம்பி, காக்கை எச்சம் எல்லாம் ஒன்றுதான். பத்தில் ஒரு பங்கு மறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள், பாதிக்கு மேல் போகும். அதனால் ஜன்னல் ஓரத்தில் வைப்பது வீண். கண்ணாடியும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும், கம்பி நிழல் மிச்சத்தைத் தின்றுவிடும்.

தோப்புக்குள் வீடு இருப்பவர்கள் மழைக்காலம் வருமுன் ஒரு நாள் மினக்கெட வேண்டும். காலை 9, பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு முற்றத்தில் எங்கே ஒரு பாய் அளவு திறந்த வெயில் விழுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நேரத்துக்கும் மூன்று இடமாக இருந்தால் பேனலை மாற்றி மாற்றி வைக்க வேண்டியதுதான், மடக்கும் பேனலின் நன்மையே அது. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல். ரப்பர் இலை உதிர்ந்து வானம் தெரிவது தை, மாசியில். நமக்கு வெளிச்சம் வேண்டிய கார்த்திகையில் தோட்டம் அடைத்துக்கொண்டு நிற்கும். ஷீட் காயப்போடும் முற்றம், கோயில் அல்லது பள்ளி மைதானம், ஆற்றங்கரை இவற்றில் ஒன்றைப் பார்த்து வையுங்கள். பேனல் எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், மழைக்காகவும் திருட்டுக்காகவும்.

பேனலைத் தெற்கே சாய்த்து வை என்று எல்லோரும் சொல்வார்கள். நாம் இருப்பது 8 டிகிரி வடக்கு அட்சத்தில், அதனால் அது பாதி வருடத்துக்குத்தான் சரி. டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே, தரையிலிருந்து 58 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது 30 டிகிரி தெற்குச் சாய்வு நல்லது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நேர் தலைக்கு மேல் வரும், மல்லாத்தி வைத்தால் போதும். ஜூனில் நம் தலைக்கு வடக்கே 15 டிகிரி விலகி நிற்கும்; அப்போது தெற்கே சாய்த்தால் நஷ்டம். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பேனல் மேல் ஒரு பேனாவை நிமிர்த்திப் பிடியுங்கள். நிழல் பேனாவின் காலடிக்குள் அடங்கும்வரை பேனலைச் சாய்த்தால் சூரியனுக்கு நேர். காலை, நண்பகல், மூன்று மணி என மூன்று தடவை திருப்பினால் போதும். மேகம் மூடிய நாளில் இந்தச் சாய்ப்பு எதுவும் உதவாது. வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருவதால், திறந்த வானத்தைப் பார்த்து மல்லாத்திப் போடுங்கள்.

சூடும் திருடும். செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. 60 டிகிரியில் 14 சதவீதம் காணாமல் போகும். கான்கிரீட் மட்டுப்பாவில் தரையோடு போடாமல் இரண்டு செங்கல் மேலோ நாற்காலி மேலோ வையுங்கள், அடியில் காற்று போகட்டும். நாற்காலியில் வைத்தால் அதன் கீழ் நிழலிலேயே பவர்பேங்க் இருக்கலாம். மடக்கும் பேனலின் முதுகில் தைத்திருக்கும் பைக்குள் பவர்பேங்கைச் செருக வேண்டாம், அங்கேயும் வேகும்.

ஒயர் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். பேனல் மட்டுப்பாவில், பவர்பேங்க் கீழே அறையில், நடுவே 3 மீட்டர் யுஎஸ்பி ஒயர் என்று அமைத்தால் ஒன்றும் ஏறாது. மெல்லிய 28 கேஜ் ஒயரில் 3 மீட்டர் போய் வர 1.28 ஓம் தடை. 2 ஆம்ப் ஓடினால் ஐந்து வோல்ட்டில் இரண்டரை வோல்ட் ஒயரிலேயே முடிந்துவிடும். அதைவிடத் தடித்த 24 கேஜ், ஒரு மீட்டர் ஒயர் என்றால் இழப்பு 0.34 வோல்ட்டுதான். யுஎஸ்பி ஒயர் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். தூரம் போக வேண்டுமானால் அதற்குக் கீழே சொல்லும் 12 வோல்ட் வழி இருக்கிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்

கேள்வியில் இது இல்லை, ஆனால் பல வீடுகளில் 150 ஆம்ப்-மணி டியூபுலர் பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. 12 வோல்ட்டில் அது 1800 வாட்-மணி. பாதியை மட்டும் தொட்டாலும் 900, அதாவது நாளுக்கு 40 வீதம் இருபது நாளுக்கு மேல் மொபைல் ஓடும். அப்படியிருந்தும் இரண்டாம் நாளே அது காலியாகிறது. ஏன்? இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் ஆன் நிலையில் இருந்தாலே 10 முதல் 20 வாட் தின்னும். 15 என்று வைத்தால் ஒரு நாளில் 360 வாட்-மணி, மொபைல்களின் தேவையைப் போல ஒன்பது மடங்கு, வெறுமனே போகிறது.

செய்ய வேண்டியது எளிது. நீண்ட மின்தடை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டரை முன்பக்க ஸ்விட்சில் அணைத்துவிடுங்கள். பேட்டரி முனைகளிலிருந்து நேராக, பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்ப் ஃபியூஸ் வைத்து, 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்து, கார்களில் வைக்கும் 12-24 வோல்ட் யுஎஸ்பி அடாப்டரை அதில் மாட்டுங்கள். ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பேட்டரியில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும், ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். கடைசி இணைப்பைப் பேட்டரி மூடிகளுக்கு மேல் வைத்துச் செய்யாதீர்கள். அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும், ஒரு பொறி போதும். முனையிணைப்பை மழைக்காலத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்துவிட்டால் அவசரத்தில் கை நடுங்காது. இரண்டு பேட்டரி தொடராக இருந்தால் அது 24 வோல்ட் அமைப்பு. 32 வோல்ட் வரை தாங்கும் அடாப்டரை இரண்டுக்கும் சேர்த்து மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் எடுத்தால் இரண்டும் ஏற்றத்தாழ்வாகி இரண்டும் சீக்கிரம் போகும்.

காரிலும் இதே முறையில் ஏற்றலாம். பைக் பேட்டரியில் வேண்டாம்: 4 ஆம்ப்-மணி பேட்டரியில் ஒரு மொபைலை நிரப்பினால் பாதி போய்விடும், பிறகு வண்டியை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

கொஞ்சம் பெரிதாக: 12 வோல்ட் செட்

ரூட்டரோ சார்ஜ் ஃபேனோ கட்டாயம் வேண்டும் என்றால் மடக்கும் பேனலை விட்டுவிட்டு 40 வாட் கண்ணாடிப் பேனலுக்குப் போங்கள். சாமான்கள்: 36 செல் கொண்ட 12 வோல்ட் பேனல் (வேலை செய்யும்போது சுமார் 18 வோல்ட், 2.2 ஆம்ப்), 10 ஆம்ப் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), 12.8 வோல்ட் 12 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 10 ஆம்ப் ஃபியூஸ், கார் யுஎஸ்பி சாக்கெட், 3 வாட் 12 வோல்ட் எல்இடி ஒன்று. பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர் போனாலும் இழப்பு அரை வோல்ட்தான். பேனலிடம் 18 இருக்கிறது, தாராளமாகத் தாங்கும்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, அடுத்து பேனல், கடைசியில் விளக்கும் யுஎஸ்பியும். கழற்றும்போது தலைகீழ். பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12 வோல்ட் அமைப்பா 24ஆ என்று தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டினால் 20 வோல்ட்டுக்கு மேல் விளக்குப் பக்கம் பாய வாய்ப்புண்டு. இதைத் தெரியாமல் கன்ட்ரோலரைக் கருக்கியவர்கள் ஏராளம்.

லித்தியத்துக்குப் பதிலாக மலிவான 7 ஆம்ப்-மணி எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத) ஈயப் பேட்டரி போடலாம், ஆனால் 84 வாட்-மணியில் 42ஐத்தான் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே இறக்கினால் சில மாதத்தில் பேட்டரி சத்துப் போய்விடும். ஓய்வு நிலையில் 12.8 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. பல மலிவு கன்ட்ரோலர்கள் 10.7 வரை இறங்க விடுகின்றன, செட்டிங்கில் 11.8க்கு உயர்த்துங்கள். லித்தியம் என்றால் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றியே ஆக வேண்டும். அந்த வசதி இல்லாத கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

சின்னச் சின்னத் தொல்லைகள்

பவர்பேங்கில் ரேடியோவோ சின்ன எல்இடியோ மாட்டினால் அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறதா? இழுப்பு மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அது தூங்கப் போகிறது. சில மாடல்களில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட நிலை வரும். இல்லையென்றால் கூடவே ஒரு மொபைலையும் மாட்டுங்கள். ரேடியோவுக்குப் பென்சில் செல் எட்டு வாங்கி வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. டவர் விழுந்த பிறகு நாகர்கோவில் வானொலிதான் செய்தி சொல்லும்.

கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவருக்கும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணக் கரையில் இருப்பவருக்கும் ஒரே பேனல் ஒரே காலம் உழைக்காது. உப்புக் காற்று யுஎஸ்பி வாயில் பச்சை பிடிக்க வைக்கும், பச்சை பிடித்த வாய் சூடாகும். பயன்படுத்தியபின் பேனலை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். 12 வோல்ட் முனைகளில் கொஞ்சம் வாசலின் பூசுங்கள். வள்ளத்தில் கொண்டுபோனால் பவர்பேங்க் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். மழை தாங்கும் என்று எழுதியிருக்கும் பேனலிலும் பின்னால் உள்ள யுஎஸ்பிப் பெட்டி மழை தாங்காது.

இடி உறுமினால் பேனலை எடுத்துவிடுங்கள், நீங்களும் மட்டுப்பாவை விட்டு இறங்கிவிடுங்கள். காற்றுக் காலத்தில் நான்கு மூலையிலும் கயிறு கட்டாத மடக்கும் பேனல் பட்டம்தான்.

உப்பிய பவர்பேங்கை அன்றோடு நிறுத்துங்கள். குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது, வளவுக் குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது. மணல் போட்ட மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

மொபைலே பெரிய ஓட்டை. டவர் இல்லாதபோது சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீரும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, சொந்தக்காரர்களோடு முன்பே பேசி வைத்த நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் திறங்கள். ஏற்றும்போது மொபைலை அணைத்தே ஏற்றுங்கள். வீட்டில் ஒரு பட்டன் ஃபோன் இருப்பது நல்லது, 4 வாட்-மணி கூட இல்லாத பேட்டரியில் பல நாள் நிற்கும். ஜியோ சிம் என்றால் 2ஜி பட்டன் ஃபோனில் எடுக்காது, 4ஜி வகை வேண்டும்.

பவர்பேங்கை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் தேவைப்படும் நாளில் பாதிதான் இருக்கும். சாதாரண மாதங்களில் 60, 70 சதவீதத்தில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். ஐப்பசி பிறந்ததும், வானிலை எச்சரிக்கை வந்ததும், நூறுக்குக் கொண்டுபோங்கள். ஒத்திகைக்குத் தனி நாள் தேட வேண்டாம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல்வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் அறிவிப்பு வரும் நாளில் பேனலை விரித்து, மீட்டரை மாட்டி, மாலையில் எத்தனை வாட்-மணி ஏறியது என்று காலண்டரில் எழுதி வையுங்கள். நல்ல வெயிலில் 40க்குக் கீழே வந்தால் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள், அடுத்து ஓலை நிழலைத் தேடுங்கள், பேனலைக் குறை சொல்வது கடைசியில்.